ஆறிலிருந்து நாலுக்கு

முறைப்பாடு இல. 4417.
எழுதியவர் றெஜினோல்ட், கொட்டாஞ்சேனை.
"நான் ட்ரம்ஸ். துவாரகன் பேஸ் கிற்றார், வெள்ளவத்தை.
ராவில ஒத்திகை, ஒன்லைனில.
நான் ஒண்டில நிக்க
அவன் ஒண்டேகாலில நிக்கிறான்.
உங்கட இன்ரர்நெற் தாளம் தப்புது.
காசு மட்டும் நேரத்துக்கு வெட்டுறீங்கள்."

இரவு பதினொன்றரை.
காலி வீதி கடைசி பஸ்ஸையும் விழுங்கிவிட்டது.
அந்த ஓரடி போகும் வழியைத் தட்டிப் பார்த்தேன்.
திரையில் வரிவரியாக இறங்கியது:
ஒன்று, கொட்டாஞ்சேனை.
இரண்டு, மருதானை.
மூன்று, எங்கள் கட்டடம், ஆறாம் மாடி.
நாலாவது வரியில்
சிங்கப்பூர்.

எட்டுக் கிலோமீற்றர் போகவேண்டிய ஓர் அடி
கடலுக்கடியில் இறங்கி
மலாக்கா நீரிணையைத் தாண்டி
யாரோ ஒருவரின் குளிரறையில் விலாசம் விசாரித்து
வந்த கடலாலேயே திரும்பி
இதே கட்டடத்தின் நாலாம் மாடியில் ஏறி
பிறகுதான் வெள்ளவத்தைக்குப் போகிறது.
போய்வர எழுபத்துநாலு மில்லிசெக்கன்.
கண் இமைக்கவே அதைவிடக் கூட எடுக்கும்.
ஆனால் தாளத்தைக் கண்ணால் கேட்பதில்லை.

நாலாம் மாடி.
இந்த ஊரில், தமிழில், அந்தச் சொல்லைச் சொன்னால்
மேசையில் இருக்கிற கைகள் கொஞ்சம் அசையாமல் போகும்.
இது அதுவல்ல. வேறு கட்டடம்.
கீழே கேக் கடை,
நாலில் எங்கள் போட்டிக் கம்பனி.
இடையில் ஒரே ஒரு மாடி,
அதில் பல் வைத்தியர்.
இரண்டு கம்பனிக்கும் பேச்சில்லை.
ஆகவே எங்கள் பொதிகள் சிங்கப்பூரில் சந்தித்துக்கொண்டன,
கோபித்துக்கொண்ட சகோதரங்கள்
மூன்றாம் ஆள் வீட்டுக் கலியாணத்தில் சந்திப்பதுபோல.

குறுகிய பாதையே பாதை என்று
கம்பஸில் படித்தேன்.
சோதனையில் அப்படியே எழுதினேன்.
அடையாள அட்டை வந்த வருடம்
டியூசன் விட்டு வரும்போது
பம்பலப்பிட்டிச் சந்தியில் மறித்தால்
டுப்ளிகேஷன் வீதியால் சுற்றுவேன்.
தூரத்தை வரைபடம் சொல்லும்.
விடுவார்களா என்பதை
முன்னால் போனவர் திரும்பிப் பார்க்கும் விதம் சொல்லும்.
ரவுட்டர்களும் அப்படித்தான்,
பக்கத்து ரவுட்டரின் முகத்தைப் பார்த்து நடக்கின்றன.

லிஃப்டில் இரண்டு வருடமாகப் பார்க்கிறேன்,
பச்சைக் கழுத்துப்பட்டி, நாலாம் பொத்தான்.
அன்றைக்குத்தான் கேட்டேன். பெயர் உதாரி.
அவளும் அந்த வரியைப் பார்த்திருக்கிறாள்
மறுகரையிலிருந்து.
"அனே, லெஜ்ஜயி" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

முகாமையாளர்களுக்குள் ஐந்து கிழமை கடிதம் போனது.
யார் யாருக்குக் காசு கொடுப்பது,
ஒப்பந்தத்தில் யாருடைய பெயர் முதல்.
பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
குழாய்கள் ஏறும் இருட்டுச் சந்துக்குள்
நான் மேலிருந்து மஞ்சள் நாரை விட்டேன்.
பல்லியெச்சம், தூசி,
யாரோ வெட்டிவிட்டுப்போன தொலைபேசி வயர்.
உதாரி கீழிருந்து இழுத்தாள்.
பதினொரு மீற்றர்.
போதும் என்று இரண்டு மொழியிலும் கத்தினாள்.

நாலாவது வரியில் இப்போது நாலாம் மாடி.
மூன்று மில்லிசெக்கன்.
கைதட்ட ஒருவருமில்லை.
பல் வைத்தியர் சத்தம் என்று முறைப்பாடு செய்தார்.

றெஜினோல்ட் அடுத்த நாள் எழுதினார்:
"நன்றி. லைன் இப்ப திறம்.
துவாரகன்தான் பிந்துறான்.
இவ்வளவு நாளும் வீணா உங்களைத் திட்டிப்போட்டன்."

4417ஐ மூடிவிட்டு
கொள்ளுப்பிட்டியில் பஸ் ஏறினேன்.
மழை. டிக்மன்ஸ் வீதிக்குக் கிட்ட
சாரதி எஞ்சினையே நிறுத்திவிட்டான்.
ஒரு மணித்தியாலம் பத்து நிமிடம்
அசையாத பஸ்ஸுக்குள்
எல்லாரும் ஃபோனில் யாருக்கோ
இந்தா வந்திட்டன், வந்திட்டன் என்று
சொல்லிக்கொண்டிருந்தோம்.
அது மட்டும்
உடனே போய்ச் சேர்ந்தது.